பரிசேயனின் ஜெபத்தில் பொய் எங்கே இருக்கிறது? (லூக்கா 18:9–14)

தாமிரபரணிக்காரன் | சனி, இரவு 9.12

எங்க சபை ஆண்கள் ஐக்கியத்தில் அடுத்த வேதபாடம் என் தலையில் விழுந்திருக்கிறது. பகுதி லூக்கா 18:9–14. ஓய்வுநாள் பள்ளியில் படம் ஒட்டிப் படித்த கதைதான். இயேசு சொன்ன உவமை: தேவாலயத்தில் இரண்டு பேர் ஜெபிக்கிறார்கள். பரிசேயன், அதாவது நியாயப்பிரமாணத்தைக் கறாராகக் கைக்கொண்ட யூதக் கூட்டத்தைச் சேர்ந்தவன், "மற்றவர்களைப்போலவும் இந்த ஆயக்காரனைப்போலவும் நான் இல்லாததற்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறேன், வாரத்தில் இரண்டு தரம் உபவாசிக்கிறேன், சம்பாத்தியத்திலெல்லாம் பத்தில் ஒரு பங்கு தசமபாகம் கொடுக்கிறேன்" என்கிறான். ஆயக்காரன், அதாவது வரி வசூலிக்கிறவன், தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு, "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்கிறான். நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனவன் இவன்தான் என்கிறார் இயேசு. பரிசேயன் மோசம், ஆயக்காரன் பரவாயில்லை, பிள்ளைகளே தாழ்மையாயிருங்கள், கண்ணை மூடுங்கள், ஜெபிப்போம். இப்போது குறிப்பெடுக்க உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை.

அந்தப் பரிசேயன் சொன்னதில் எதைப் பொய் என்று காட்டுவது? நியாயப்பிரமாணம் கட்டாயமாகக் கேட்டது வருஷத்தில் ஒரு நாள், பாவநிவிர்த்தி நாள் உபவாசம். இவன் வாரத்துக்கு இரண்டு நாள் இருக்கிறான். தசமபாகம் விளைச்சலுக்குச் சொன்னது. இவன் சம்பாத்தியம் எல்லாவற்றுக்கும் கொடுக்கிறான். இப்படி ஓர் ஆள் நம்ம சபையில் இருந்தால் போட்டியே இல்லாமல் பொருளாளர் ஆக்கியிருப்போம்.

அதோடு, அவன் ஓரிடத்திலும் "என் சாமர்த்தியம்" என்று சொல்லவில்லை. "உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றுதான் ஆரம்பிக்கிறான். தான் இப்படி இருப்பதே தேவன் கொடுத்தது என்று ஒத்துக்கொண்டாயிற்று. அப்புறம் எப்படி அவனைக் "கிரியையை (தன் நற்செயலை) நம்பினவன்" என்று முத்திரை குத்தி ஓரமாக வைப்பது? உபாகமம் 26-ஐப் பாருங்கள். தசமபாகம் கொடுத்து முடித்தவன் கர்த்தருக்கு முன்பாக நின்று, உம்முடைய கட்டளைகளில் ஒன்றையும் மீறவில்லை, மறக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்றே இருக்கிறது. 26-ஆம் சங்கீதமும் கிட்டத்தட்ட அதே தொனிதான்.

எனக்குப் படுவதைச் சொல்கிறேன். கதை யாருக்காக என்று லூக்கா முன்கூட்டியே எழுதிவிட்டார்: தங்களை நீதிமான்கள் என்று நம்பி, மற்றவர்களை அற்பமாய் எண்ணின சிலருக்கு. முதல் பாதியை வைத்து நூறு பிரசங்கம் கேட்டாச்சு. இரண்டாம் பாதியை யாரும் தொடுவதில்லை. அந்த ஜெபத்திலிருந்து "இந்த ஆயக்காரனைப்போலவும்" என்ற துண்டை உருவிவிட்டால், மிச்சம் நாம் தினமும் பண்ணுகிற ஸ்தோத்திர ஜெபம். தேவனோடு பேசிக்கொண்டிருந்தவன் ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தானே, அங்கேதான் கெட்டது.

ஆராதனையில் அவரவர் அனுபவத்தைச் சொல்லுகிற நம்ம சாட்சி வேளையை யோசித்துப் பாருங்கள். "எத்தனையோ பேர் அழிந்துபோகையில் என்னைத் தெரிந்துகொண்ட தேவனுக்கு ஸ்தோத்திரம்." உபதேசப்படி ஒரு பிழையும் இல்லை. கிருபை கிருபை என்று சொல்லிக்கொண்டே ஒருவனை இளக்காரமாகப் பார்க்க முடியும் என்றுதான் நினைக்கிறேன். கருத்து சொல்லுங்கள்.

---

வெண்வஸ்திரம் | சனி, இரவு 10.05

பிரதர், ஸ்தோத்திரம். ஓர் ஆதங்கம். இந்தப் பகுதியைக் கையில் எடுக்கிற எல்லாரும் சுற்றி வளைத்துக் கடைசியில் எங்களை மாதிரி பெந்தெகொஸ்தே ஆட்கள் மேல்தான் வந்து நிற்கிறீர்கள். "அவர்கள் நடுவிலிருந்து புறப்பட்டுப் பிரிந்துபோய்" என்று 2 கொரிந்தியர் 6-ல் எழுதியிருக்கிறதா இல்லையா? 1 கொரிந்தியர் 5-ல் பவுல் அந்தப் பொல்லாதவனை உங்களை விட்டுத் தள்ளிப்போடுங்கள் என்கிறார். அவரும் பரிசேயனா? பாவத்தைப் பாவம் என்று சொன்ன உடனே "நீ பரிசேயன்" என்று பட்டம் கட்டுவது இப்போது சுலபமாகிவிட்டது.

இன்னொன்றும் கேட்கிறேன். நான் அபிஷேகம் பெற்று, எங்கள் சபை வழக்கப்படி நகையைக் கழற்றினபோது என்ன நடந்தது தெரியுமா? கல்யாண வீட்டுப் பந்தியில் என் சொந்த அத்தை மகன், "அல்லேலூயா வந்தாச்சு, அவருக்குத் தனியா எலை போடுங்கப்பா" என்றான். பந்தி முழுக்கச் சிரிப்பு. எல்லாரும் முழுக்காட்டாமல் தெளிப்பு ஞானஸ்நானம் பெற்ற பாரம்பரியக் கிறிஸ்தவர்கள். யார் யாரை அற்பமாய் எண்ணினது?

---

தாமிரபரணிக்காரன் | சனி, இரவு 10.31

> யார் யாரை அற்பமாய் எண்ணினது?

அண்ணே, இதைத்தான் பேசவேண்டும். ரோமர் 14-ல் பவுல் இரண்டு பக்கத்தையும் பிடிக்கிறார். புசிக்கிறவன் புசியாதிருக்கிறவனை அற்பமாய் எண்ணக்கூடாது, புசியாதிருக்கிறவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது. கவனித்தீர்களா, இருவருக்கும் வேறு வேறு வியாதி. கட்டுப்பாடு உள்ளவனுக்கு வருவது தீர்ப்பு. கட்டுப்பாடு இல்லாதவனுக்கு வருவது கேலி. உங்கள் அத்தை மகனுக்கு வந்தது இரண்டாவது. அவரும் லூக்கா 18-க்குள் அடங்குகிறவர்தான். எங்கள் சபைக் கட்டிடத்துக்கு நூற்றைம்பது வயது என்று சொல்லும்போது எங்கள் குரலில் ஒரு கனம் ஏறுமே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

சவேரியார் தெரு | சனி, இரவு 11.20

கத்தோலிக்கன் உள்ளே வரலாமா? 😀

உபவாசம் பற்றி ஒரு வேடிக்கை. பரிசேயர் நோன்பிருந்தது திங்களும் வியாழனும். ஆதித் திருச்சபையில் புழங்கின "திதக்கே" என்ற சின்ன நூல் உண்டு, முதல் நூற்றாண்டின் கடைசி அல்லது அதற்குச் சற்றுப் பின் என்பார்கள். அதில் ஒரு கட்டளை: வெளிவேடக்காரர் திங்களும் வியாழனும் நோன்பிருக்கிறார்கள், நீங்கள் அவர்களைப் போல் இராமல் புதனும் வெள்ளியும் இருங்கள். அதாவது, "அவர்களைப் போல் நாம் இல்லை" என்பதைக் காட்ட வாரத்தில் இரண்டு தரம் நோன்பு! உவமை எழுதின மை காய்ந்திருக்குமோ என்னவோ.

கீழை ஆர்த்தடாக்ஸ் சபையினர் இதற்கு ஒரு நல்ல வைத்தியம் வைத்திருக்கிறார்கள். தவக்காலத்துக்குத் தயாராகும் வாரங்களில் ஒரு ஞாயிறுக்கே "ஆயக்காரன் பரிசேயன் ஞாயிறு" என்று பெயர். அந்த ஞாயிறு முடிந்து வரும் வாரத்தில் வழக்கமான புதன், வெள்ளி நோன்பு கிடையாது. கறி சாப்பிடலாம். பெரிய நோன்பு தொடங்கப்போகிற நேரத்தில், "வாரத்தில் இரண்டு தரம்" என்று எண்ணிக் காட்ட ஒருவருக்கும் வாய்ப்பில்லாமல் செய்துவிடுகிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. நம்மூரில் யாராவது செய்தால் முதல் ஆளாகப் போய் உட்காருவேன்.

---

அடுப்படி மார்த்தாள் | ஞாயிறு, மதியம் 2.40

கோயில் முடிந்து வந்து படிக்கிறேன். ஆண்கள் ஐக்கியத்தில் என்ன நடக்கிறதோ தெரியாது, பெண்கள் ஐக்கியத்தில் இந்த உவமை வாராவாரம் நடக்கிறது. பெயர் மட்டும் வேறு: ஜெபக்குறிப்பு.

எப்படி என்று சொல்கிறேன். வட்டமாக உட்கார்ந்திருப்போம். ஒரு அக்கா பையிலிருந்து டைரியை எடுப்பார். குரல் இறங்கும். "பெயர் சொல்லக்கூடாது, ஆனா உங்க பாரத்துக்காகச் சொல்றேன், கீழத்தெரு டீச்சர் மக இருக்காள்ல, வேற ஜனத்துப் பையனோட போயிட்டாளாம். பாரத்தோட ஜெபிங்க." உடனே "அச்சச்சோ", "எந்தப் பையன்?", "டீச்சருக்கு முதல்லயே தெரியுமாம்ல", "வளர்ப்பு சரியில்ல". எல்லாம் ஐந்து நிமிஷம். பிறகு கண்ணை மூடி, "கர்த்தாவே, எங்க பிள்ளைகளை இப்படிப்பட்ட கண்ணிகளுக்குத் தப்புவித்துக் காத்த தயவுக்காக ஸ்தோத்திரம்" என்று ஜெபம் முடியும். டீச்சர் அடுத்த வாரத்திலிருந்து ஐக்கியத்துக்கு வருவதில்லை. வராததற்கும் ஒரு ஜெபக்குறிப்பு போடுவோம்.

யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாரும் ஜெபம்தான் பண்ணினோம். தாமிரபரணித் தம்பி சொல்லும் ஓரக்கண் பார்வைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

---

வெண்வஸ்திரம் | ஞாயிறு, மாலை 4.15

மார்த்தாள் சிஸ்டர் சொன்னது எல்லாச் சபையிலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. தப்பு செய்தவனைச் சபை கண்டிக்கலாமா கூடாதா? கண்டித்தாலே அற்பமாய் எண்ணுவதா?

---

ஏடும் எழுத்தும் | ஞாயிறு, மாலை 5.50

இந்தக் கேள்வியில் வட ஆப்பிரிக்கச் சபை நூறு வருஷத்துக்கு மேல் கிழிந்து கிடந்தது. 303-இல் ரோமப் பேரரசன் தியோக்கிளேசியன் கிறிஸ்தவர்களை உபத்திரவப்படுத்தினபோது வேத ஏடுகளைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னார்கள். சிலர் பயந்து கொடுத்தார்கள், சிலர் சிறைக்குப் போனார்கள். உபத்திரவம் ஓய்ந்ததும் கார்த்தேஜில் சண்டை: ஏட்டைக் கொடுத்த துரோகி கைவைத்துப் பிரதிஷ்டை பண்ணின பேராயர் செல்லுமா? செல்லாது என்றவர்கள் தொனாத்துவாதிகள். தங்கள் சபைதான் கறையில்லாத சபை என்றார்கள். தனி ஆலயம், தனிப் பேராயர். 411-இல் கார்த்தேஜில் இரண்டு தரப்பையும் கூட்டினபோது ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 280 பேராயர்கள் வந்து நின்றார்கள் என்றால் பிளவின் அளவைப் புரிந்துகொள்ளலாம்.

எதிர்த்தரப்புப் பேராயரும் பெரிய இறையியலாளருமான அகுஸ்தீன் அவர்களைக் கிண்டலாகக் கேட்டார்: உலகம் முழுக்கக் கர்த்தருடைய வீடு கட்டப்படுகிறது என்று மேகங்கள் முழங்குகின்றன, இந்தத் தவளைகளோ சதுப்பில் உட்கார்ந்து "நாங்கள் மட்டுமே கிறிஸ்தவர்கள்" என்று கத்துகின்றன. கோதுமையும் களையும் அறுப்பு வரை சேர்ந்தே வளரும், பிடுங்குவது உன் வேலையில்லை என்பது அவருடைய வாதம்.

சரியான வாதம். ஆனால் மனிதரைத் தவளை என்றாரே, அது எந்தக் கணக்கில் வரும்? அதோடு நிற்கவில்லை. ரோம அரசு தொனாத்துவாதிகள் மேல் அபராதமும் நாடுகடத்தலும் கொண்டுவந்தபோது, முதலில் தயங்கின அகுஸ்தீன் பிறகு அதை ஆதரித்தார். "உள்ளே வரும்படி வருந்திக் கேட்டுக்கொண்டு வா" என்ற லூக்கா 14-ஐ அதற்கு ஆதாரமாக எடுத்தார். கிருபையைப் பற்றி அவரைவிட ஆழமாக எழுதினவர் அந்தக் காலத்தில் இல்லை.

லூத்தரும் அப்படித்தான். விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாக்கப்படுதல் என்று ஐரோப்பாவைக் குலுக்கினவர். 1543-இல் யூதரின் ஜெபாலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். ஆகவே "சரியான உபதேசம் இருந்தால் மற்றவனை இகழ மாட்டோம்" என்ற நம்பிக்கையை மூட்டை கட்டி வைத்துவிடலாம்.

---

சவேரியார் தெரு | ஞாயிறு, மாலை 6.30

வெண்வஸ்திரம் அண்ணன் கேள்விக்கு எகிப்துப் பாலைவனத் துறவிகளிடம் ஒரு பதில் உண்டு. நாலாம் நூற்றாண்டு, ஸ்கேத்தே என்ற இடம். ஒரு சகோதரர் ஏதோ தப்பு செய்துவிட்டார். மூத்தவர்கள் கூடி விசாரிக்க அப்பா மோசே என்ற துறவியைக் கூப்பிட்டார்கள். இந்த மோசே ஒரு காலத்தில் வழிப்பறிக் கூட்டத்துத் தலைவன். வரமாட்டேன் என்றார். திரும்ப ஆள் போனதும், ஓட்டைப் பாத்திரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பித் தூக்கிக்கொண்டு வந்தார், வழியெல்லாம் ஒழுகிற்று. என்ன இது என்றார்கள். என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகுகின்றன, எனக்குத் தெரியவில்லை, நான் இன்னொருவன் தப்பை விசாரிக்க வந்திருக்கிறேன் என்றாராம். அவர்கள் அந்தச் சகோதரரை மன்னித்துவிட்டார்கள்.

---

வெண்வஸ்திரம் | ஞாயிறு, மாலை 6.52

அருமையான சம்பவம். கூட்டம் கலைந்தது சரி. அந்தத் தம்பி திருந்தினாரா?

---

சவேரியார் தெரு | ஞாயிறு, மாலை 6.55

அதை எழுதி வைக்கவில்லை. 😅

---

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 8.10

எல்லாரும் பரிசேயனையே போட்டு மொத்துகிறீர்கள். நான் கொஞ்சம் ஆயக்காரனைக் கேட்கிறேன்.

ஆயக்காரன் என்றால் ஏதோ மனம் நொந்த ஏழை என்று படத்தில் வரைகிறார்கள். ரோம ஆட்சியில் சுங்கம் வசூலிக்கும் உரிமையைக் குத்தகை எடுப்பார்கள். மேலிடத்துக்குக் கட்டவேண்டியது போக மேல்வரும்படி அவர்கள் பை. "உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள்" என்று யோவான்ஸ்நானன் அவர்களிடம் சொன்னதாக லூக்கா 3-இலேயே இருக்கிறது. வழக்கம் என்னவாக இருந்தது என்று அதிலேயே தெரிகிறது. அந்தச் சாவடியில் மூட்டையைப் பிரித்துக் காட்டிக் கூடுதல் காசு அழுதவர்கள் விதவைகளும் மீன்காரர்களும்தான்.

இந்த ஆள் மார்பில் அடித்துக்கொண்டு "கிருபையாயிரும்" என்கிறான், நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போகிறான். விடிந்தால் சாவடியைத் திறப்பானா? வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தானா? ஒரு வார்த்தை இல்லை.

நான் ஏன் கேட்கிறேன் என்றால், ஒரு சபையின் கட்டிட நிதிக் கணக்கைப் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம். கையாடல் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. கேட்கப் போனோம். சம்பந்தப்பட்டவர் ஆராதனையில் முன்னால் வந்து முழங்கால்போட்டு, "நான் பெரும்பாவி" என்று கதறினார். சபையே அழுதது. அதற்குப் பிறகு ரசீது எங்கே என்று கேட்ட நாங்கள்தான் "இரக்கமில்லாத பரிசேயர்கள்". இந்த உவமையையே எங்கள் முகத்தில் எறிந்தார்கள். பணம் வரவேயில்லை.

---

ஏடும் எழுத்தும் | ஞாயிறு, இரவு 8.45

கணக்குப்பிள்ளை ஐயா சொல்வதை 12-ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் பிடித்துவிட்டார். கிளேர்வோ மடத்துப் பெர்னார்து, பெருமைக்குப் பன்னிரண்டு படிகள் என்று வரிசைப்படுத்தினார். அதில் ஒன்பதாவது படி போலிப் பாவஅறிக்கை. தப்பு கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டால், செய்ததற்கும் மேலே போட்டுச் சொல்லி, கண்ணீர் விட்டு, "இவ்வளவு தாழ்மையானவரா இப்படிச் செய்திருப்பார்!" என்று கேட்கிறவர்களையே சந்தேகப்பட வைப்பார்களாம். அப்படியே உங்கள் ஆள்.

ஐந்தாவது படியும் சுவாரசியம். மற்றவர்களிலிருந்து தனித்துத் தெரியவேண்டும் என்ற ஆசை. அந்தத் துறவி சாப்பாட்டு மேசையில் கண்ணைச் சுழற்றிப் பார்ப்பான், தன்னைவிடக் குறைவாக யாராவது சாப்பிடுகிறார்களா என்று. எல்லாரோடும் சேர்ந்து ஏழு நாள் நோன்பிருப்பதைவிட, எல்லாரும் விருந்து சாப்பிடும்போது தான் ஒருநாள் பட்டினி கிடப்பதில் அவனுக்கு மனநிறைவு அதிகமாம். மடத்துக்குள் வருஷக்கணக்காக இருந்தவர் கண்ணில்தான் இதெல்லாம் படும்.

---

நெறியாளர் | ஞாயிறு, இரவு 9.30

சபைகளின், போதகர்களின் பெயரைச் சொல்லி வந்த பதிவுகளை நீக்கியிருக்கிறோம். "உங்க பாஸ்டர் யோக்கியதை தெரியாதா" என்பது இந்த இழைக்குப் பதிலாகாது. அந்தப் பதிவுகளைப் போட்டவர்கள் இழையின் தலைப்பை இன்னொருமுறை படிக்கவும்.

---

பண்ணைப்பாலம் | திங்கள், காலை 7.05

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எல்லாரும் நல்லாக் கதைக்கிறியள், ஆனா ஒரு பெரிய இடத்தைத் தாண்டிப் போட்டியள். "பரிசேயன்" எண்டு நாங்கள் வசவா எறியிற சொல் உண்மையில ஒரு சனக்கூட்டத்தின்ர பெயர். ஏரோது காலத்தில ஆறாயிரத்துக்கு மேல இருந்தவை எண்டு யோசேப்பு எண்ட பழைய யூத வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார், சாதாரண சனம் அவையளில மரியாதை வைச்சிருந்தது எண்டும் எழுதியிருக்கிறார். ஏரோது கொல்லப் பார்க்கிறான், ஓடிப்போம் எண்டு இயேசுவுக்கு வந்து சொன்னதும் பரிசேயர்தான், லூக்கா 13. பவுல் கடைசி மட்டும் "நான் பரிசேயன்" எண்டுதான் சொன்னவர்.

உவமையில வாற மாதிரி ஒரு செபம் யூத ரபிமாரின்ர பழைய மரபு நூலான தல்மூதில உண்மையாவே இருக்கு. நெகூனியா பென் ஹக்கானா எண்ட ரபி படிப்புக்கூடத்தில இருந்து வெளிக்கிடேக்க சொன்னது: தெருமூலையில குந்தியிருக்கிறவையோட இல்லாமல், படிப்புக்கூடத்தில இருக்கிறவையோட என்ர பங்கை வைச்சதுக்கு நன்றி. நானும் விடிய எழும்புறன், அவையும் எழும்பினம், நான் வேதத்துக்கு, அவை வீண்கதைக்கு. இதை மட்டும் எடுத்துக் காட்டி "பாத்தியளோ யூதரை" எண்டு பிரசங்கம் பண்ணலாம். பண்ணியும் இருக்கினம். ஆனா அதே மரபில ஹில்லேல் எண்ட பெரிய யூத ஆசிரியர் சொல்லியிருக்கிறார்: சாகிற நாள் மட்டும் உன்னை நீ நம்பாதே, மற்றவன்ர இடத்தில நீ போய் நிக்கும்வரை அவனைத் தீர்க்காதே. தல்மூதுக்குள்ளேயே ஏழு வகைப் பரிசேயர் எண்டு ஒரு பட்டியல் இருக்கு, அரைவாசிக்கு மேல நக்கல். பொம்பிளையளைப் பாக்கக் கூடாதெண்டு கண்ணை மூடிக்கொண்டு போய்ச் சுவரில முட்டி ரத்தம் வடிக்கிறவர் ஒருத்தர் அதில வாறார்.

அவை தங்கட ஆக்களைத் தாங்களே திருத்தினவை. நாங்கள் அந்தக் கண்டிப்பைத் தூக்கி முழு யூதர் மேலயும் போட்டம். கத்தோலிக்கரின்ர பெரிய வெள்ளி மன்றாட்டில "விசுவாசமற்ற யூதர்" எண்டு இருந்ததை 23-ஆம் யோவான் பாப்பரசர் 1959-இல தான் எடுத்தவர். அற்பமாய் எண்ணாதே எண்டு சொல்லுற உவமையை வைச்சே ஒரு சனத்தை அற்பமாய் எண்ணினம். தாமிரபரணி அண்ணா, உங்கட வேதபாடத்தில வேற ஒண்டும் சொல்லாட்டிலும் இதைச் சொல்லுங்கோ.

---

தாமிரபரணிக்காரன் | திங்கள், காலை 8.20

குறித்துக்கொண்டேன் தம்பி. பரிசேயன் படத்துக்கு முறைத்த முகமும் வளைந்த மூக்கும் போட்ட புத்தகம் இன்னும் எங்கள் ஓய்வுநாள் பள்ளி அலமாரியில் இருக்கிறது.

---

அக்கம்பக்கம் | திங்கள், மதியம் 1.15

நான் கிறிஸ்தவன் இல்லை. தூத்துக்குடிப் பக்கம், மிஷன் பள்ளியில் படித்தவன், அதனால் வாசனை தெரியும். ஒன்று கவனித்தேன். இவ்வளவு நேரமாக நீங்கள் ஒருவரையொருவர் இகழ்வதைப் பற்றிப் பேசுகிறீர்கள். வெளியே நிற்கிற எங்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

உங்கள் பழைய தமிழ் வேதாகமத்தில் "அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று வரும். பள்ளியில் அதை வாசிக்கும்போது பெஞ்சில் பாதிப் பேர் "அஞ்ஞானிகள்"தான். மைக் கட்டிப் பேசும் கூட்டத்தில் "கல்லையும் மண்ணையும் கும்பிட்டுக்கொண்டிருந்த என்னை" என்று ஒருவர் சாட்சி சொல்லுவார். விளக்கேற்றிவிட்டு வாசலில் நிற்கும் எங்கம்மா காதில் அது விழும். அந்த அம்மா கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டிலிருந்து வரும் கேக்கை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் எங்களுக்குத் தருவார்.

எங்கள் பக்கம் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. கோயிலுக்குள் யார் வரலாம் என்பதில் எங்கள் சரித்திரம் ஊரறிந்தது.

---

வெண்வஸ்திரம் | திங்கள், மதியம் 2.02

ஐயா, உங்கள் அம்மாவைப் புண்படுத்த யாரும் பேசுவதில்லை. அன்பினால்தான் சொல்லுகிறோம். கிணற்றில் விழப்போகிறவரைப் பார்த்துச் சும்மா இருப்பது அன்பா?

---

அக்கம்பக்கம் | திங்கள், மதியம் 2.20

அன்பு இருக்கலாம் ஐயா. மைக்கில் வரும்போது இளப்பம்தான் முன்னால் வந்து சேருகிறது.

---

வடக்கூர் | திங்கள், இரவு 9.00

அக்கம்பக்கம் கோயில் நுழைவைத் தொட்டதால் இதைச் சொல்லியாகவேண்டும். உபவாசம், நகை, சாட்சி என்று நாசூக்கான பரிசேயத்தனமாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தமிழ்க் கிறிஸ்தவத்தில் "இந்த ஆயக்காரனைப்போலவும்" என்பது சுண்ணாம்பும் செங்கல்லுமாக நின்றது.

வடக்கன்குளம். 1872-இல் எழுப்பின கத்தோலிக்கக் கோயில் கால்சட்டை மாதிரி இரண்டு கால், பீடத்தில் வந்து சேரும். ஒரு கால் வெள்ளாளருக்கு, மறு கால் நாடாருக்கும் மற்றவர்களுக்கும், நடுவே சுவர். ஒரே பூசை, ஒரே அப்பம், ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது. 1910 வாக்கில் கௌசானல் சாமியார் அந்தச் சுவரை இடித்தார். வெள்ளாளர் தரப்பு உயர் நீதிமன்றம் வரை போய் வழக்காடித் தோற்றது. சுவரைக் கேட்டு வழக்கு!

சீர்திருத்த சபைக்காரர்கள் சிரிக்கவேண்டாம். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வித்தியாசத்தைத் தயக்கமின்றி, உடனே, ஒரேயடியாக விடவேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். ஒரே கிண்ணத்தில் இராப்போஜனம் வாங்க மாட்டோம் என்று தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபையை விட்டுப் போனவர்கள் ஏராளம். அவர்கள் உபவாசித்தவர்கள், காணிக்கை கொடுத்தவர்கள், நல்ல ஞானப்பாட்டுப் பாடினவர்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவேகூடச் சுவர். ஆயக்காரன் தூரத்திலே நின்றான் என்று வாசிக்கும்போது, தானாக நின்றானா, நிற்கவைத்தார்களா என்று எங்கள் தாத்தா கேட்பார். சேரியிலிருந்து வந்து பின்வாசலில் உட்கார்ந்து ஞானஸ்நானம் வாங்கினவர் அவர். என்னைப் பொறுத்தவரை அந்தப் பகுதிக்கு அதைவிட நல்ல கேள்வி எந்த வியாக்கியானத்திலும் வரவில்லை.

---

அடுப்படி மார்த்தாள் | திங்கள், இரவு 9.25

வடக்கூர் தம்பி 🙏. கல்யாணத் தகவல் மையத்தில் "சிஎஸ்ஐ, இன்ன பிரிவு மட்டும்" என்று போடும் விளம்பரங்களையும் உங்கள் சுவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் ஜெபித்துவிட்டுத்தான் பணம் கட்டுகிறோம்.

---

வெண்வஸ்திரம் | செவ்வாய், காலை 6.10

அதிகாலை ஜெபத்துக்குப் பிறகு எழுதுகிறேன். எங்கள் சபையில் எல்லாரும் ஒரே பாயில் உட்காருகிறோம், ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுகிறோம். அந்த ஒரு காரணத்துக்காகவே பழைய சபைகளை விட்டு எங்களிடம் வந்த குடும்பங்கள் உண்டு. வடக்கூர் பிரதர் இதையும் எழுதியிருக்கலாம்.

மற்றபடி ஒன்று. வரும் ஞாயிறு என் சாட்சி முறை. "உலகத்தாரைப் போல" என்பதை விட்டுவிட்டு, கர்த்தர் எனக்குச் செய்ததை மட்டும் சொல்லிப் பார்க்கப்போகிறேன். மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், பாதி நேரத்தில் முடிந்துவிட்டது. நகை விஷயத்தில் மாறமாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

---

தாமிரபரணிக்காரன் | செவ்வாய், காலை 8.05

போடச் சொல்லி யார் கேட்டது அண்ணே. 😀

---

கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 10.40

என் கேள்விக்குப் பெர்னார்து வந்தார், பதில் வரவில்லை. காசு?

---

தாமிரபரணிக்காரன் | செவ்வாய், மதியம் 1.30

மறக்கவில்லை ஐயா. உவமைக்குள் பதில் இல்லை என்பது உண்மை. ஆனால் ஒரு பக்கம் திருப்பினால் லூக்கா 19-இல் சகேயு வருகிறான், அவனும் ஆயக்காரன், அதுவும் தலைவன். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனை. ஊரார் பார்க்க, நின்றுகொண்டு, தொகையோடு சொல்கிறான். முதல் ஆயக்காரன் கிருபை கேட்டான், இரண்டாவது ஆயக்காரன் பாக்கியைத் தீர்த்தான். லூக்கா இரண்டையும் அடுத்தடுத்த அதிகாரத்தில் வைத்ததை நாம்தான் இரண்டு ஞாயிறாகப் பிரித்து வாசிக்கிறோம். கதறி அழுத உங்கள் ஆளிடம் 18-ஐ வாசித்துக் காட்டினவர்கள் கூடவே 19-ஐயும் வாசித்திருந்தால் ரசீதுக் கேள்வி பரிசேயத்தனமாகத் தெரிந்திருக்காது. கணக்குக் கேட்பது வேறு, கேட்டுவிட்டு "நான் இவனைப் போல் இல்லை" என்று வீட்டுக்குப் போவது வேறு. முதலாவதை விடவேண்டியதில்லை.

ஐக்கியச் செயலாளரிடம் பேசி இரண்டு வாரம் கேட்டிருக்கிறேன். முதல் வாரம் 18, அடுத்த வாரம் 19. இரண்டாவது வாரம் ஆண்டுக் கணக்கு வாசிக்கிற கூட்டத்தோடு மோதுகிறதாம், தேதி மாற்றலாமா என்றார். மாற்றவேண்டாம், கணக்கு வாசிப்பதற்கு முன்னாலேயே வைத்துக்கொள்ளலாம் என்றேன். இன்னும் பதில் வரவில்லை.

---

கணக்குப்பிள்ளை | செவ்வாய், மதியம் 1.42

வராது. வந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.